கரையில் நிறுத்தலாமா?

பாரிஸிலிருந்து வெகுதூரம் மேற்கே இருக்கிற எங்கள் லான்வெனெக்குக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் எல்லோரும் ஒரே தப்பைத்தான் செய்வார்கள். கல் பாலத்தைத் தாண்டி இறங்கியதும் ஆற்றங்கரையில் அகலமாக, கல் பாவி, மரநிழல் விழுகிற ஓர் இடம் தெரியும். ஒரு வண்டி கூட நிற்காது. நமக்காகவே விட்டு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து நிறுத்திவிட்டு, ஐந்நூறு வருடத்துச் சாய்ந்த வீடுகளைப் படம் பிடிக்கத் தெருவில் ஏறிவிடுவார்கள். இவ்வளவு நல்ல இடம் ஏன் காலியாகக் கிடக்கிறது என்று ஒருவருக்கும் கேட்கத் தோன்றாது.

கடல் ஐந்து கிலோமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. ஆனால் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, முக்கியமாக மார்ச்சிலும் செப்டம்பரிலும், கடல் ஆற்றுக்குள் ஏறி வந்து எங்கள் கரையின் மேலேயே நிற்கும். சில நாள் முழங்கால் அளவு, சில நாள் இடுப்பளவு. ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி இறங்கிப் போய்விடும். அதற்குள் வண்டியின் ஆயுள் முடிந்திருக்கும். உப்புத் தண்ணீர் பட்ட வண்டியை எந்த மெக்கானிக்கும் தொட மாட்டான்.

நான் எர்வே. கரைக்கு எதிரே நாலு படி உயரத்தில் இருக்கிற மதுக்கடை என்னுடையது, அதற்கு முன் என் அப்பாவுடையது. வாசலில் பதினோரு மேசைகள். எதில் உட்கார்ந்தாலும் கரை முழுவதும் தெரியும். அதுதான் வினை.

வெட்கத்தோடு சொல்கிறேன், அந்தக் காலத்தில் கடல் அப்படி ஏறி வருகிற பெரிய ஏற்ற நாட்களில் எங்கள் கடையில் நிற்க இடம் இருக்காது. யாராவது வெளியூர்க்காரர் வந்து வண்டியை நிறுத்துவார். நாங்கள் யாரும் வாய் திறக்க மாட்டோம். தண்ணீர் முதலில் எந்தச் சக்கரத்தைத் தொடும், வண்டிக்காரர் எந்தச் சந்திலிருந்து ஓடி வருவார், செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குவாரா அப்படியே இறங்குவாரா என்று பந்தயம் நடக்கும். தோற்றவர் எல்லோருக்கும் ஒரு சுற்று ஆப்பிள் மது வாங்கித் தர வேண்டும். முன்கூட்டியே போய்ச் சொல்கிறவன் ஆட்டத்தைக் கெடுத்தவன். அதுதான் வழக்கம். வழக்கம் என்று பெயர் வைத்துவிட்டால் எந்த அயோக்கியத்தனத்துக்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது.

அந்த வழக்கத்தின் முதுகை முறித்தவள் ரோசென் மாடெக். நகராட்சியில் தெருக்கூட்டுகிறவள். மற்ற நேரத்தில் பாலத்துப் பூந்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் தேவாலயத்தையும் கோட்டை மதிலையும் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டார்கள். இவளைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதனால் நான் சொல்கிறேன். எனக்குத்தான் சொல்லும் கடன் இருக்கிறது. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

ரோசென் கடல் பக்கத்துப் பெண் இல்லை. அறுபது கிலோமீட்டர் உள்ளே, காடும் மேடுமான பக்கத்திலிருந்து வந்தவள். அவள் அப்பா மாத்யூரேனுக்கு முப்பது மாடு, கொஞ்சம் பன்றி. எங்கள் ஊர்ச் சிப்பி வளர்ப்பவன் ஜில்தாஸை ஏதோ ஒரு திருவிழா நடனத்தில் பார்த்து, இவனைத்தான் கட்டுவேன் என்று நின்று கட்டிக்கொண்டாள். ஜில்தாஸ் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

முப்பது வருடத்துக்கு முன், ஒரு செப்டம்பர் சனிக்கிழமையில் அந்தக் கல்யாணம் நடந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. கையில் தட்டோடு வாசலில் நின்றிருந்தேன். ஒரு வெள்ளை வண்டி, புத்தம் புதியது, முகப்பில் வெள்ளை ரிப்பன் கட்டியது, மெதுவாக வந்து என் எதிரே நின்றது. ஓட்டியவர் கண்ணாடியை இறக்கினார். புது கோட்டு, தலையில் பழைய தொப்பி.

"தம்பி, இந்தக் கரையில நிறுத்தலாமா?"

என் முதுகுக்குப் பின்னால் பதினோரு மேசையும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. இன்னும் ஒன்றரை மணி நேரத்தில் அந்த இடம் ஆறாகிவிடும் என்று எனக்குத் தெரியும்.

"தாராளமா நிறுத்துங்க. இன்னைக்கு இடம் ஃப்ரீ!" என்றேன்.

அவர், "நன்றி தம்பி" என்று தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். பின்னால் கொல்லென்று சிரிப்பு. என் அப்பா கூட முதுகில் தட்டிக் கொடுத்தார். அவர் தொப்பியைத் தொட்டதுதான் இன்று வரை என்னை விடவில்லை.

கல்யாணக் கூட்டம் தேவாலயத்திலிருந்து இறங்கி வந்தபோது தண்ணீர் ஸ்டியரிங் வரைக்கும் ஏறியிருந்தது. ரிப்பன் மட்டும் மேலே மிதந்தது. கடை வாசலில் கைதட்டினார்கள். அப்போதுதான் அவர் பெண்ணின் அப்பா என்றே எனக்குத் தெரிந்தது. அவர் ஷூவைக் கழற்றி, கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். விருந்துக்கென்று வீட்டிலேயே புகை போட்டுக் கொண்டுவந்திருந்த பன்றித் தொடையைப் பின் இருக்கையிலிருந்து எடுத்து மார்போடு அணைத்தபடி நடந்து வந்தார். எங்கள் கொத்தனார் பெரிக் எழுந்து நின்று கத்தினான்:

"அடேயப்பா! காட்டுப் பக்கத்துப் பன்றிக்கு நீச்சல் கூடத் தெரியுது!"

ஊரே சிரித்தது. கல்யாண உடையில் ரோசென் கரையில் நின்றாள். மாத்யூரேன் எங்களைப் பார்க்கவே இல்லை. அவளிடம் மட்டும் சொன்னார்.

"நாப்பது பேர் பாத்துக்கிட்டு இருந்திருக்காங்கம்மா. ஒருத்தருக்கும் வாய் இல்ல. இங்க வாழணும்னு நீ முடிவு பண்ணிட்ட, வாழு. நான் இனிமே இந்த ஊர்ல கால் வைக்க மாட்டேன்."

பன்றித் தொடையை ஜில்தாஸின் கையில் கொடுத்துவிட்டு, ஈரக் கால்சட்டையோடு நடந்து போய்ப் பஸ் ஏறிவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். ரோசெனுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள், ஞானஸ்நானம் நடந்தது, மூத்தவளுக்குக் கல்யாணமும் நடந்தது. அவள் அம்மா பஸ்ஸில் வந்து போனார், சாகும் வரைக்கும். அப்பா வரவில்லை.

இப்படி ஒரு ஊரில் வாழ்க்கைப்பட்டவள் என்ன செய்வாள்? புருஷனை இழுத்துக்கொண்டு வேறு ஊர் போவாள், இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு ஊரோடு ஒத்துப்போவாள். ரோசென் இரண்டையும் செய்யவில்லை.

அடுத்த மார்ச்சில் பெரிய ஏற்றம் வந்த நாளில் கரையில் ஒரு பச்சை வண்டி. உரிமையாளர்கள் மேலே கோட்டைப் பக்கம் போயிருந்தார்கள். நாங்கள் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தோம். ரோசென் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தாள். வண்டியின் நம்பரைப் பார்த்தாள். கரை நடுவில் நின்று, இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"பச்சை வண்டி! நானூத்திப் பதினேழு! தண்ணி வருது, வந்து எடுங்க!"

அது எங்கள் பக்கத்துக் குரல் இல்லை. இந்த மேட்டில் நின்றுகொண்டு அந்த மேட்டில் மேயும் மாட்டைக் கூப்பிடுகிற குரல். புறாக்கள் எல்லாம் கூரையிலிருந்து கிளம்பிவிட்டன. ஐந்தாவது நிமிடம் ஒரு குடும்பமே குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தது. முதல் ஈரம் அந்த இடத்தைத் தொடும்போது வண்டி பாலம் ஏறிவிட்டது.

பெரிக்குக்குத் தாங்கவில்லை. "ஏம்மா காட்டுக்காரி, இது என்ன மாட்டுப் பட்டியா? நல்லா இருந்த ஆட்டத்தைக் கெடுத்துட்டியே!"

ரோசென் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கு மட்டும் இல்ல அண்ணே, நான் சாகற வரைக்கும் கெடுப்பேன். பந்தயம் கட்டணும்னா அதுக்குக் கட்டுங்க."

சொன்னபடியே செய்தாள். நிறைமாதக் கர்ப்பத்தில் ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். மாமியார் சவ ஊர்வலத்தில் நடுவழியில் விலகி வந்து, ஒரு பெல்ஜியம் வண்டியைக் கூப்பிட்டு எடுக்க வைத்துவிட்டு, கல்லறைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டாள். ஒருநாள் காலையில் அவள் வீட்டு வாசலில் யாரோ மாட்டு மணி ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார்கள். மறுநாள் அந்த மணி அவள் குப்பை வண்டியில் தொங்கியது. "நல்ல மணி, வெண்கலம். யார் குடுத்தாங்களோ, அவங்க குடும்பம் நல்லா இருக்கட்டும்" என்று தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனாள். கட்டியவர்கள் வாயில் ஈ போனது.

ஒருமுறை பாரிஸ்காரர் ஒருவர் என் கடையில் உட்கார்ந்து, "காபி குடிச்சிட்டு எடுக்கறேன்மா, ஏன் தொண்டையக் கிழிச்சுக்கற?" என்றார். ரோசென் பூவுக்கு ஊற்றுகிற வாளியில் ஆற்றுத் தண்ணீரை மொண்டு வந்து அவர் காலடியில் மெதுவாகச் சாய்த்தாள். "இது அரை மணியில உங்க வண்டி சீட்ல உக்காந்திருக்கும் ஐயா. காபி எங்கயும் ஓடிடாது." மனிதர் எழுந்து ஓடினார். அந்தக் காபியை நான் சூடாக மறுபடி போட்டுக் கொடுத்தேன்.

முப்பது வருடம். அவள் ஊரில் இருந்த நாளில் ஒரு வண்டி கூட நனைந்ததில்லை. மெல்ல மெல்ல அந்தப் பந்தயம் செத்தது. ஜெர்மனியிலிருந்தும் ஹாலந்திலிருந்தும் நகராட்சிக்கு வாழ்த்து அட்டைகள் வரும், "உரக்கக் கூப்பிடும் அம்மாளுக்கு" என்று போட்டு. அதைப் படித்துக் காட்டும்போது எங்களுக்குப் பெருமை பிடிபடாது. ஏதோ நாங்களே கூப்பிட்டது மாதிரி. உண்மை என்னவென்றால், எழுந்து போய்ச் சொன்னவள் அவள் ஒருத்திதான். நாங்கள் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தோம். அவளும் தினமும் காலை ஏழு மணிக்கு என் கடையில் நின்றபடியே ஒரு கருங்காபி குடித்துவிட்டுப் போவாள். அன்றைக்கு அப்படிச் சொன்னது நான்தான் என்று ஒருநாளும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

போன செப்டம்பரில் எங்கள் ஊருக்குப் பழம்பெரும் சிற்றூர் என்கிற பட்டமும் அதைச் சொல்லும் பலகையும் கிடைத்தன. மேயர் கெனொலே அந்த விழாவிலேயே ரோசெனுக்கு ஊரின் பதக்கத்தைக் கொடுப்பதென்று முடிவு செய்தார். அவர் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். விழா மேலே பழைய சந்தைக் கொட்டகையில், மாலை ஐந்து மணிக்கு.

ரோசென் மூன்று நாள் முன்னதாகவே அப்பாவைப் பார்க்கப் போனாள். அவருக்கு எண்பது வயது. கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறாள். "பதக்கம் எனக்குப் பெருசு இல்லப்பா. நீ ஒரு தடவை நான் வாழற ஊரைப் பாக்கணும்." அவர் முடியாது என்றுவிட்டார். விழா அன்று மத்தியானம் தனியாகத்தான் திரும்பினாள். கண் சிவந்திருந்தது. நேராக என் கடைக்கு வந்து கேட்டது ஒன்றுதான்.

"எர்வே, மூணு நாளா நான் தண்ணியப் பாக்கல. இன்னைக்கு எத்தனை மணிக்கு ஏறுது?"

"ஏழு பத்துக்கு உச்சம். விழா ஆறு மணிக்கே முடிஞ்சிரும். மேயரும் அதான் சொன்னார். நீ நிம்மதியாப் போ" என்றேன்.

இங்கேதான் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய அந்தத் தவறு. ஏற்றத்தின் நேரம் போட்ட நாட்காட்டி ஒவ்வொரு வீட்டிலும் தொங்கும். காலங்காலமாக அதில் குளிர்கால நேரத்தைத்தான் அச்சடிப்பார்கள். மார்ச் கடைசியிலிருந்து அக்டோபர் வரை எங்கள் நாட்டில் கடிகாரத்தையே ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைப்பதால், பார்த்த நேரத்தோடு ஒரு மணியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். பேசப் பழகும்போதே எங்களுக்கு அந்தக் கூட்டல் வந்துவிடும். அந்த வருடம் மருந்துக்கடையில் இனாமாகக் கொடுத்த நாட்காட்டியில் அந்த ஒரு மணியை அச்சடித்தவர்களே கூட்டிவிட்டிருந்தார்கள். அடியில் எறும்பு மாதிரி எழுத்தில் அதைச் சொல்லியும் இருந்தார்கள். யார் படித்தது? கணக்கு வாத்தியார் இன்னொரு மணியைக் கூட்டினார். நானும் கூட்டினேன். பெரிக்கும் கூட்டினான். ஆறு பத்து, ஏழு பத்தாகிவிட்டது. முந்தைய நாள் எப்போது ஏறியது என்று கண்ணால் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். ஆனால் தண்ணீரைப் பார்ப்பது ரோசெனின் வேலை என்று முப்பது வருடமாக அவள் தலையில் கட்டிவிட்டு நாங்கள் காகிதத்தைப் பார்க்கிறவர்களாகிவிட்டோம்.

ஐந்து மணிக்கு ஊர் மேலே ஏறியது. கடை வாசலில் மிச்சம் பதினைந்து பேர் இருந்திருப்போம். மூட்டு வலியால் அந்த மேட்டுத் தெருவில் ஏற முடியாத பெரிக். சீட்டாட்டத்தை எந்தப் பதக்கத்துக்காகவும் விடாத மர்செலின் அம்மாள். இன்னும் சிலர். ஐந்தேகாலுக்கு ஒரு பழைய நீல ரெனோ பாலம் இறங்கி வந்து, கரையில் நட்ட நடுவில் நின்றது. தொப்பி போட்ட ஒரு கிழவர் இறங்கி, கோலை ஊன்றிப் படியேறி வந்து, கடைசி மேசையில் ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தார். ஒரு கோப்பை ஆப்பிள் மது கேட்டார். கொடுத்தேன். முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

வண்டியைப் பார்த்தேன், இல்லையென்று சொல்லவில்லை. ஏழு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது, ரோசென் இறங்கி வந்து சொல்லிக்கொள்வாள் என்று நினைத்தேன். மற்றவர்களும் அதைத்தான் நினைத்திருப்பார்கள்.

ஐந்தேமுக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் மர்செலின் சீட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"எர்வே, கல்லு கறுக்குது பாரு."

"என்ன பேசற? ஏழு பத்துக்குத்தான்..."

"உன் ஏழு பத்தைத் தண்ணிகிட்டப் போய்ச் சொல்லு!"

கரைக்கற்களின் இடுக்கிலெல்லாம் ஈரம் பொங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு எதிரே நீல வண்டியின் முன்சக்கரத்தை நீர் சுற்றியது. கடை வாசல் அமைதியானது. அந்த அமைதியை எனக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு முன் என் முதுகுக்குப் பின்னால் கேட்ட அதே அமைதி. 

முதலில் எழுந்தவன் பெரிக். மூட்டைப் பிடித்துக்கொண்டு, மேசைகளில் இடித்துக்கொண்டு கிழவரிடம் போனான்.

"பெரியவரே, நீல வண்டி உங்களுதா? உடனே எடுங்க, தண்ணி ஏறுது!"

"இருக்கட்டும்" என்றார் கிழவர்.

மர்செலின் பாய்ந்து போனாள். "என்ன ஐயா இருக்கட்டும்? உப்புத் தண்ணி! அப்புறம் பழைய இரும்புக்குத்தான் போடணும்!"

"இருக்கட்டும்மா."

ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவர் தோளைத் தொட்டார், ஒருவர் கோலை எடுத்துக் கையில் கொடுத்தார், ஒருவர் ஏற்கனவே படி இறங்கித் தண்ணீரில் நின்று, "தள்ளவாவது தள்ளலாம் வாங்கப்பா!" என்று கத்தினார். கிழவர் அசையவில்லை. எல்லோர் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இங்க நிறுத்தலாம்னு சொன்னாங்களே. இடம் ஃப்ரீன்னாங்க" என்றார்.

"எந்தப் படுபாவி சொன்னான்?" என்று கொதித்தான் பெரிக்.

கிழவர் என் பக்கம் திரும்பினார். தொப்பியைத் தொட்டார்.

என் கையிலிருந்த தட்டு எப்போது கீழே விழுந்தது என்று எனக்குத் தெரியாது. கோப்பை உடைந்த சத்தத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான்தான்" என்றேன். "நான்தான் சொன்னேன். முப்பது வருஷம் ஆச்சு. தண்ணி வரும்னு தெரிஞ்சேதான் சொன்னேன். இவங்கல்லாம் சிரிக்கணும்னு சொன்னேன். ஐயா, என்னை அடிங்க, திட்டுங்க, அதெல்லாம் அப்புறம். இப்ப சாவியக் குடுங்க!"

பெரிக்கின் முகம் வெளுத்துவிட்டது. "பன்றின்னு கத்தினது நான்" என்றான், யாரும் கேட்காமலேயே.

கிழவர் சட்டைப் பையில் கைவிட்டு, அவசரமே இல்லாமல், சாவியை எடுத்து மேசை மேல் வைத்தார்.

விழாவுக்குப் போகிற மாதிரி பளபளவென்று துடைத்து வைத்த ஷூவோடு தண்ணீரில் குதித்தேன். சக்கரத்தின் பாதி வரை ஏறியிருந்தது. செப்டம்பரிலும் அந்தத் தண்ணீர் எலும்பைக் கடிக்கும். பின்னால் எட்டுப் பேர் இறங்கித் தள்ளினார்கள். பெரிக்கும் இறங்கிவிட்டான், மூட்டு வலி போன இடம் தெரியவில்லை. மூன்றாவது தடவை சாவியைத் திருப்பியதும் வண்டி உறுமியது.

அந்த நேரம் பார்த்து, மேலே தெரு முனையிலிருந்து அந்தக் குரல் கேட்டது.

பதக்கத்தைக் குத்துகிறபோது மேயரின் தோளுக்கு மேலே அவள் பார்த்திருக்கிறாள். கொட்டகையிலிருந்து ஆறு தெரியாது. ஆனால் ஆற்றில் கட்டியிருக்கும் படகுகள் தண்ணீரோடு உயர்ந்தால் பாய்மரங்களின் நுனி கூரைகளுக்கு மேலே எட்டிப் பார்க்கும். ஏழு பத்துக்கு எட்டிப் பார்க்க வேண்டிய நுனிகள் ஆறு மணிக்கு முன்னாலேயே எட்டிப் பார்த்துவிட்டன. பாதி குத்திய பதக்கம் மார்பில் ஆட, மேயரை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள்.

"நீல ரெனோ! ஐந்நூத்தி அறுபத்தி..."

குரல் நின்றது. முப்பது வருடத்தில் ஒரு நம்பரை அவள் பாதியில் விட்டது அன்றைக்குத்தான். அவளுக்கு அந்த நம்பர் மனப்பாடம். அன்று காலையில்தான் அந்த வண்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதுவிட்டு வந்திருந்தாள்.

மாத்யூரேன் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றிவிட்டார். அந்த எண்பது வயது முகத்தில் ஒரு சிரிப்பு.

"கேட்டீங்களா?" என்றார் எங்களைப் பார்த்து. "அது எங்க வீட்டுக் குரல். அவ அம்மா இந்தக் குரல்லதான் மாட்டைக் கூப்பிடுவா. இவ ஒரு ஊரையே கூப்பிட்டிருக்கா!"

நான் வண்டியைப் பாலத்து மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு ஓடி வந்தபோது ரோசென் படியேறி வந்து அவர் முன் நின்றாள். மூச்சு வாங்கியது. "எப்பப்பா வந்த? வண்டியப் போய்க் கரையில... உனக்குத் தெரியாதா?"

"தெரியும். உன் ஊரைப் பாக்கச் சொன்னியே. பாத்தேன்." கோலால் எங்களைக் காட்டினார். எல்லோரும் முழங்கால்வரை நனைந்து, கோழி மாதிரி நடுங்கிக்கொண்டு நின்றோம். "எல்லாருக்கும் வாய் வந்திருக்கு. நீதான் குடுத்திருக்க."

அவள் அப்படியே அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பெரிக் ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மர்செலின் மூக்கைச் சிந்தினாள். எனக்கும் கண் தெரியவில்லை, அதை மறைக்க நான் விரும்பவும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து ரோசெனிடம் போனேன். "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு உங்கப்பாகிட்ட..."

"நீதான்னு எனக்குத் தெரியும்" என்றாள். "அன்னைக்கே சொன்னார். தட்டு வச்சிருந்த பையன்னு."

"முப்பது வருஷமா தெரியுமா? தெரிஞ்சும் தினம் வந்து என் கடையில..."

"சண்டை போட்டுட்டு அப்புறம் எங்க போய்க் காபி குடிக்கிறது? கரையில இருக்கறது உன் கடை ஒண்ணுதான்." பிறகு என் கால்களைப் பார்த்தாள். "ஷூ போச்சு போல?"

"போச்சு."

"நல்லது" என்றாள்.

பலகையைப் பாலத்து முனையில் மாட்டியிருக்கிறோம். வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். இப்போதெல்லாம் பெரிய ஏற்றத்தன்று ரோசென் கூப்பிட வாயெடுப்பதற்குள் பெரிக் கோலை ஊன்றிக்கொண்டு கரையில் இறங்கிவிடுகிறான். மர்செலின் நம்பர்களைச் சத்தம் போட்டுப் படிக்கிறாள், பாதி நம்பரைத் தப்பாக. ரோசென் அதைத் திருத்திக் கூப்பிடுகிறாள். எங்கள் ஊரில் எல்லோருக்கும் தொண்டை இருக்கிறது என்று நான் இப்போது தலை நிமிர்ந்து சொல்வேன்.

மாத்யூரேனும் மாதம் ஒருமுறை வருகிறார். அமாவாசையோ பௌர்ணமியோ பார்த்துத்தான் வருவார், வேண்டுமென்றே. நீல வண்டியை என் கடைக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல், கண்ணாடியை இறக்குவார். பதினோரு மேசையும் பேச்சை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும்.

"தம்பி, இந்தக் கரையில நிறுத்தலாமா?"

எனக்கும் ஐம்பத்திரண்டு வயதாகிறது. இருந்தாலும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து, ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்கிறேன்:

"கூடாதுங்க ஐயா, தண்ணி வரும். மேல நிறுத்திட்டு வாங்க, உங்க பொண்ணு காத்துக்கிட்டிருக்கா."

அவர் தொப்பியைத் தொட்டுவிட்டு வண்டியைத் திருப்புகிறார்.